அறுபதாயிரம் ரூபாய்க் கப்பல்

என் மாருதி 800 வருஷத்தில் பத்து மாதம் ஓடும். மீதி இரண்டு மாதம் மிதக்கும். 2009 மாடல். வெள்ளை நிறம் என்று ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிறது, அரசாங்க ஆவணத்தை நான் மறுப்பதில்லை. நான் வாங்கிய மறுவருஷமே சென்னை மாதிரிப் பெருநகரங்களில் 800 விற்பனையை நிறுத்திவிட்டார்கள். அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. பதினைந்து வயது முடிந்ததும் ஐயாயிரம் ரூபாய் மறுபதிவுக் கட்டணம் கட்டி, இன்னும் ஐந்து வருஷத்துக்கு ஆயுள் நீட்டிப்பு வாங்கி வைத்திருக்கிறேன். என் உடம்பைப் பார்த்து எந்த டாக்டரும் இத்தனை தைரியமாக எழுதிக் கொடுத்ததில்லை.

சேக்காட்டில் குடியிருக்கிறவனுக்கு வண்டியைவிட வண்டி நிற்கிற இடம்தான் பிரச்சினை. ஆவடிக்கும் பட்டாபிராமுக்கும் நடுவே இருக்கிறோம். சுற்றிலும் ஏரிகள்: பருத்திப்பட்டு, விளிஞ்சியம்பாக்கம் என்று பெயர் சொல்லிக்கொண்டே போகலாம். 2019-இல் ஆவடி மாநகராட்சி ஆனபோது நாங்களும் மாநகரவாசிகள் ஆனோம். தண்ணீருக்கு மட்டும் அந்த அரசாணையின் நகல் போய்ச் சேரவில்லை. அது இன்னமும் பழைய கிராமக் கணக்குப்படிதான் பள்ளத்தைத் தேடி வருகிறது. அந்தப் பள்ளத்தில்தான் நான் போர்ட்டிகோ கட்டியிருக்கிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் 3, 4 தேதிகளில் சென்னைக்கு எதிரே கடலில் நின்று நிதானமாகக் கொட்டிவிட்டு, 5-ஆம் தேதி ஆந்திராவில் பாபட்லா பக்கம் போய்க் கரையைக் கடந்தது. கரையைக் கடந்த பெருமை அவர்களுக்கு. வாசற்படியைக் கடந்த தண்ணீர் எங்களுக்கு. வடிந்த பிறகு காரின் கதவைத் திறந்தால் முன்சீட்டில் ஒரு தவளை, டிரைவர் பக்கமாகவே உட்கார்ந்திருந்தது. மெக்கானிக் எழுதிக் கொடுத்த கணக்கைப் பார்த்த என் மனைவி கேட்டாள்: "இத்தனை வருஷமா இன்சூரன்ஸ் கட்டினீங்களே, அது எதுக்குங்க?"

"அது தேர்டு பார்ட்டி. நம்ம வண்டி அடுத்தவங்களை இடிச்சா அவங்களுக்குப் பணம் கிடைக்கும். சட்டப்படி கட்டாயம்."

"நம்ம வண்டி தண்ணியில போச்சுன்னா?"

"நமக்கு ஒண்ணும் கிடைக்காது."

"மிதந்து போய் யார் மேலயாவது இடிச்சா?"

"அப்பவும் அவங்களுக்குத்தான்."

ஆயிரம் சி.சி.க்கு உட்பட்ட காருக்கு அந்தத் தேர்டு பார்ட்டி பிரீமியம் 2,094 ரூபாய். பதினெட்டு சதம் ஜி.எஸ்.டி. சேர்த்தால் 2,471. ஊரார் நலனுக்காக நான் வருஷாவருஷம் செய்துவந்த இந்தத் தர்மத்தை அவள் பாராட்டவில்லை. இந்த வருஷ மழைக்கு முன்னால் 'ஃபுல் இன்சூரன்ஸ்' போட்டாகவேண்டும், அதுவும் மலிவாக, என்று தீர்மானமாயிற்று. தீர்மானம் அவளுடையது. மலிவு என்னுடையது.

போனில் பேசிய எல்லோரும் ஒரே மாதிரி ஆரம்பித்தார்கள். "சொல்லுங்க சார், என்ன வண்டி?" குரலில் தேன். "மாருதி 800." தேன் கொஞ்சம் இறுகும். "எந்த வருஷம் சார்?" நான் வருஷத்தைச் சொன்னதும், துக்கவீட்டில் செருப்பைத் தேடுகிற மாதிரி ஒரு மௌனம். "சிஸ்டம் எடுக்க மாட்டேங்குது சார். தேர்டு பார்ட்டி வேணா போட்டுத் தரட்டுமா?"

கடைசியில் நேரில் பார்க்க ஒத்துக்கொண்டவர் ஓர் ஏஜென்ட். வீட்டுக்கு வரச் சொன்னால் கார் கண்ணில் படும் என்பதால் டீக்கடையில் உட்காரவைத்தேன். இதில் அவமானம் ஒன்றுமில்லை. 1680-களில் லண்டனில் எட்வர்ட் லாய்டு என்பவரின் காப்பிக்கடையில் உட்கார்ந்துதான் கப்பல்காரர்களும் பணக்காரர்களும் காப்பீடு பேசினார்கள். உலகப் புகழ்பெற்ற லாய்ட்ஸ் அப்படித்தான் உண்டாயிற்று. அங்கேயும் கப்பலைக் கடைக்குள் கொண்டுவரச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

முதலில் ஐ.டி.வி. பேசினோம். வண்டிக்கு இன்றைய தேதியில் கம்பெனி ஒத்துக்கொள்கிற மதிப்பு அது. புது வண்டி ஆறு மாதத்துக்குள் ஐந்து சதம் இழக்கிறது; அப்படியே இறங்கி ஐந்து வருஷத்தில் பாதி போய்விடுகிறது. அதற்குமேல் அட்டவணையே கிடையாது. கம்பெனியும் சொந்தக்காரரும் பேசி முடித்துக்கொள்ள வேண்டியதுதான். பேசினோம்.

"நாப்பத்தஞ்சு போடலாம் சார்."

"தொண்ணூறு."

"சார், மார்க்கெட்ல..."

"புது ஸ்டீரியோ போட்டிருக்கேன்."

"அது வேலை செய்யுதா சார்?"

"மழைக்கு முன்னாடி செய்தது."

ஐ.டி.வி. ஏறினால் பிரீமியமும் ஏறும் என்று அவர் நினைவூட்டினார். இங்கேதான் என் குணம் எனக்கே புரிந்தது: பிரீமியம் கட்டும்போது என் வண்டி ஓட்டை, கிளெயிம் வாங்கும்போது அது பொக்கிஷம். இந்த இரண்டுக்கும் நடுவே அறுபதாயிரத்தில் வந்து நின்றோம். டீக்காசை அவர் கொடுத்தார்.

அப்புறம் நிபந்தனைகள். ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் முக்கால் பங்கைத் தாண்டினால், அதாவது என் விஷயத்தில் நாற்பத்தைந்தாயிரத்தைத் தாண்டினால், வண்டியை 'டோட்டல் லாஸ்' என்று எழுதிவிடுவார்கள். தாண்டாவிட்டால்? ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரி எல்லாவற்றிலும் விலையில் பாதிதான் தருவார்கள். பத்து வயது தாண்டிய வண்டிக்குத் தகடு, இரும்பிலும் பாதிதான். கண்ணாடிக்கு மட்டும் கழிவு கிடையாது. என் வண்டியில் கழிவில்லாமல் பணம் கிடைக்கக்கூடிய ஒரே அங்கம் கண்ணாடி. அது ஒன்றுதான் எந்த வெள்ளத்திலும் உடையவில்லை.

"அப்போ பாதி வண்டிக்குத்தான் இன்சூரன்ஸா?"

"முழு வண்டிக்கும் சார். பாதி."

பாலிசியின் வாசகத்தை அவர் போனில் காட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. வெள்ளம், புயல், சூறாவளி, ஆலங்கட்டி மழை எல்லாம் உண்டு. அட்லாண்டிக் பக்கம் அடிக்கிற ஹரிக்கேன் உண்டு, சீனக்கடல் பக்கம் வருகிற டைஃபூன் உண்டு. உறைபனி உண்டு. நிலச்சரிவு, பாறைச்சரிவு உண்டு. சேக்காட்டில் உருண்டு வரப் பாறை இல்லாத குறை ஒன்றுதான். வண்டியை ரயிலிலோ விமானத்திலோ லிஃப்டிலோ ஏற்றிக்கொண்டு போகும்போது சேதமானால் அதற்கும் உண்டு. உள்நாட்டு நீர்வழியில் கொண்டுபோனாலும் உண்டு. இந்த இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். டிசம்பரில் எங்கள் தெரு அதுதானே?

"எல்லாம் இருக்கு சார். ஆனா என்ஜின்ல தண்ணி போனா கிடையாது."

காற்றை இழுக்கிற குழாய் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால், காற்றை நசுக்குகிற மாதிரி பிஸ்டனால் தண்ணீரை நசுக்க முடியாது. அப்போது சாவியைத் திருப்பினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தண்ணீர் தானாக உள்ளே வந்தால் அது இயற்கைச் சீற்றம். சாவியைத் திருப்பினால் அது என் சீற்றம், அதற்குக் கம்பெனி பொறுப்பில்லை. இதற்கென்றே 'என்ஜின் புரொடெக்ட்' என்று தனியாக விற்கிறார்கள். யாருக்கு? புது வண்டிக்காரர்களுக்கு. நனையாத தலைக்குத்தான் குடை. கழிவே பிடிக்காத 'பம்பர் டு பம்பர்' பாலிசியும் அப்படியே. "உங்க வண்டி வயசுக்கு வராது சார்" என்றார். என் பம்பர்களில் ஒன்றைக் கயிற்றால் கட்டியிருப்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

பழவேற்காடு பக்கம் ஃபைபர் படகுகளுக்கும் பாலிசி பேசப் போனதுண்டு என்று அவர் சொன்னார். அங்கே கேட்கிற கேள்விகளும் இவைதானாம்: படகுக்கு என்ன வயசு, எங்கே கட்டி வைப்பீர்கள், புயல் சின்னம் வந்தால் என்ன செய்வீர்கள். "அவங்க கரையில ஏத்தி வெப்பாங்க சார். நீங்க?" எனக்குக் கரை எது என்று தெரியவில்லை.

எதிர்வீட்டுப் பெரியவர் டாங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆவடியில் தண்ணீர் பற்றிப் பேச்சு எடுத்தால் இவர்களுக்குத் தனி கர்வம். டி-72 டாங்க் ஸ்நார்கெல் குழாயை மாட்டிக்கொண்டு ஐந்து மீட்டர் ஆழ ஆற்றின் அடியிலேயே நடந்து அக்கரை ஏறிவிடும். உண்மைதான். அதைத் தயாரித்த ஊரிலிருந்துகொண்டு முழங்கால் தண்ணீருக்குப் பயப்படுகிறாயே என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். "ஒரு மூணு இஞ்ச் பி.வி.சி. பைப்பு, ரெண்டு எல்போ. பானெட்ல ஓட்டை போட்டு மேல எடுத்துடலாம் தம்பி."

நான் மயங்கிவிட்டேன். ஏஜென்டிடம் போனில் கேட்டேன். வண்டியில் இப்படி மாற்றம் செய்தால் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், ஆர்.டி.ஓ. ஆபீசிலும் சிக்கல் வரும் என்றார். கொஞ்சம் பொறுத்து, "சார், டாங்க்னா சொன்னீங்க?" என்று கேட்டார். அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் போனை எடுக்கவில்லை.

தேர்டு பார்ட்டி மட்டும் வைத்திருந்தவன் ஃபுல் கேட்டால் வண்டியைப் பார்த்துத்தான் தருவார்கள். இப்போது பார்ப்பது ஆளில்லை, ஆப். போனைப் பிடித்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வரவேண்டும், வீடியோ எடுத்துக்கொள்ளும். நம்பர் பிளேட்டைக் காட்டு, சேஸி நம்பரைக் காட்டு, என்ஜினை ஓடவிட்டுக் காட்டு என்று அது ஒவ்வொன்றாகக் கேட்டது. கயிறு கட்டிய பம்பருக்கு முன்னால் மனைவியைக் கோலம் போடுகிற மாதிரி உட்காரச் சொன்னேன். "நான் எதுக்கு இந்த மோசடியில?" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள். என்ஜின் எடுத்தவுடன் கிளம்பவில்லை. தெருப்பையன்கள் வழக்கம்போலத் தள்ள ஓடிவந்தார்கள். அவர்களும் வீடியோவில் இருக்கிறார்கள்.

எப்படியோ பாலிசி வந்துவிட்டது. அதில் ஏற்கெனவே இருக்கும் சேதங்கள் என்று ஒரு பட்டியல் இணைத்திருந்தார்கள். சேதமில்லாத பாகங்களை எழுதியிருந்தால் காகிதம் மிச்சம்.

வேளச்சேரிக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. 2024 அக்டோபரில் ரெட் அலர்ட் வந்தபோது அவர்கள் கார்களை வரிசையாக மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தியதைத் தமிழ்நாடே டி.வி.யில் பார்த்தது. இந்த முறை வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று சேதி வந்ததும், பாலிசியை நம்பி வண்டியைப் பள்ளத்தில் விட எனக்கே மனம் வரவில்லை. மேட்டில் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. முகூர்த்தம் இல்லாத நாள். ராத்திரியோடு ராத்திரியாக வண்டியை அங்கே கொண்டுபோனேன். கேட்டில் வாட்ச்மேன்.

"நைட்டுக்கு நூறு ரூபா சார்."

ஃபுல் இன்சூரன்ஸ் போட்ட வண்டி என்று சொல்லிப் பார்த்தேன். நூறு நூறாகவே இருந்தது. பணத்தை எண்ணி வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். பம்பர் கயிற்றை இழுத்துப் பார்த்தார்.

"இது முன்னாடியே இருந்ததுதானே சார்? அப்புறம் தண்ணி வந்துச்சுன்னா நாங்க பொறுப்பில்ல."