அழியாத மையும் அழிந்துபோன அரசர்களும்

மாவடிப்பள்ளி வட்டையில் தோலிலே எழுத்துச் சுமப்பது மாடுகள் மட்டும்தான். குடிக்குறி ஒன்று, உடையவரின் பெயரெழுத்து ஒன்று, இரண்டும் பழுத்த கம்பியால் சுட்டது. மாடு களவெடுப்பவன் குறியை அழித்து நேரத்தை வீணாக்க மாட்டான். இன்னொரு சுழி இழுத்து 'ப'வை 'ம' ஆக்கிவிட்டு, ஓட்டிக்கொண்டு போய்விடுவான்.

மனிதருக்கு அந்தச் சோலி இல்லை. பச்சை குத்துபவரும் குத்திக்கொள்பவரும் சபிக்கப்பட்டவர்கள் என்று ஹதீஸ் இருக்கிறது. அதையும் மீறிக் குத்திவிட்டுக் கையைப் பிசைந்து நிற்பவனுக்கும் பழைய ஷாபிஈ கிதாபுகள் வழி சொல்லி வைத்தன: உடம்புக்குக் கேடு வராதென்றால் நீக்கு, வருமென்று பயந்தால் தவ்பா செய். லேசருக்குப் பல நூற்றாண்டு மூத்த, ஒரு சல்லியும் செலவில்லாத வைத்தியம்.

ரோமாபுரிக்காரர்களுக்கு மாட்டுக்கும் மனிதனுக்கும் வித்தியாசம் பிடிபடவில்லை. ஓடிப் பிடிபட்ட அடிமையின் நெற்றியில் குத்தி எழுதிவிட்டார்கள். அவர்களில் விடுதலையாகிக் காசு சேர்த்த ஒருவர், நெற்றி நிறைய ஒட்டுத்துணி ஒட்டிக்கொண்டு நாடகக் கொட்டகையின் முன்வரிசையில் உட்கார்ந்ததை மார்சியல் என்ற கவிஞர் நையாண்டி செய்திருக்கிறார். இந்த எழுத்தை அழிப்பதற்கென்றே அங்கு பேர்போன ஒரு வைத்தியர் இருந்தார். அவர் பெயர் ஈரோஸ், காதல் தெய்வத்தின் பெயர். காதலித்துக் குத்தியவர்களெல்லாம் பின்னாளில் அழிக்க ஓடி வருவார்கள் என்று அவரைப் பெற்றவளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

6ஆம் நூற்றாண்டு வைத்தியர் ஏட்டியஸ் இன்னும் கெட்டிக்காரர். குத்தும் மைக்கும் அதை அழிக்கும் மருந்துக்கும் ஒரே நூலில் செய்முறை எழுதினார். போகிறவனும் அவருக்கே, திரும்பி வருகிறவனும் அவருக்கே. பிசின் பூசு, ஊசியால் குத்து, உப்புப் போடு, கட்டுக் கட்டு. 20 நாளில் தழும்பில்லாமல் போய்விடும் என்றார். கல்முனை பஸ் நிலையச் சுவரில் ஒட்டவேண்டிய விளம்பரம்.

பைசாந்திய மன்னன் தியோபிலஸ் உருவப்படம் கூடாதென்ற கட்சி. ஒத்துவராத இரண்டு துறவிச் சகோதரர்களைப் பிடித்து, முகத்திலே 12 வரிக் கவிதையைக் குத்தவைத்தான். கவிதை மட்டமாக இருந்தாலும் பரவாயில்லை என்று அவனே சொன்னதாகக் கதை. ஊசியை விட அதுதான் நொந்திருக்கும். சகோதரர்களில் தியோடர் சிறையிலேயே இறந்தார். 842இல் மன்னனும் மௌத்து, அடுத்த வருடம் கொள்கையும் மௌத்து. எஞ்சிய தியோபானஸ், காலாவதியான அரசாங்க அறிக்கையை முகத்தில் சுமந்தபடியே நைசியாவின் பேராயராக வீற்றிருந்தார்.

வெள்ளைக்காரனும் விடவில்லை. இந்தியக் கைதிகளின் நெற்றியில் குற்றத்தைக் குத்தினான். அவர்கள் தலைப்பாகையைப் புருவம்வரை இறக்கிக் கட்டினார்கள். 1849இல் அவனே களைத்துப்போய்ச் சட்டத்தை நிறுத்தினான்.

இதுவரை அரசன் ஆளனுப்பிப் பிடித்துக் குத்தினான். அடுத்த கட்டத்தில் சனங்களே வரிசையில் வந்து நின்றார்கள். தமிழ்நாட்டில் எம்.ஜி.ஆர். தன் தொண்டர்களைக் கட்சிக்கொடியைக் கையில் பச்சை குத்தச் சொன்னார். கொடியும் சின்னமான இரட்டை இலையும் தோலில் ஏறின. அவர் மறைந்ததும் கட்சி பிளந்தது. 1989 தேர்தலில் இலை முடக்கப்பட்டு, ஜெயலலிதா அணிக்குச் சேவலும் ஜானகி அணிக்கு இரட்டைப் புறாவும் கிடைத்தன. கையிலே இலையை வைத்துக்கொண்டு சேவலுக்கு வாக்குக் கேட்டவரின் சங்கடம் எந்த வரலாற்று நூலிலும் இல்லை. 2016இல் ஜெயலலிதா பிறந்தநாளுக்குச் சென்னையில் நூற்றுக்கணக்கானோர் அவர் முகத்தையே குத்திக்கொண்டார்கள். டிசம்பரில் அவர் காலமானார். மார்ச்சில் இலை மறுபடி முடக்கம்.

நடிகை நயன்தாரா மட்டும்தான் இதில் புத்தியாய் நடந்தவர். கையிலிருந்த முன்னாள் காதலர் பிரபுதேவாவின் பெயரை அழிக்காமல், எழுத்துகளைச் சேர்த்து 'பாசிட்டிவிட்டி' ஆக்கிவிட்டார். வட்டைக் கள்வர்களின் சூத்திரம், கோடம்பாக்கத்தில் கௌரவம் பெற்றது.

லேசர்தான் கடைசி நம்பிக்கை என்பவர்கள் கவனிக்க. மை தோலில் சும்மா கிடப்பதில்லை. உடம்பின் காவல் கலங்கள் அதை விழுங்கி வைத்திருக்கின்றன. ஒரு கலம் செத்தால் அடுத்தது அதே மையை விழுங்கிக்கொள்ளும், வாப்பாவின் கடனை மகன் ஏற்பதுபோல. லேசர் மையைப் பொடியாக்கும். பொடியை உடம்பு மெல்ல மெல்ல வெளியேற்றும். 6 முதல் 8 கிழமை இடைவெளியில் பல தடவை போகவேண்டும். கறுப்பு சொன்னபடி கேட்கும். பச்சையும் மஞ்சளும் முரண்டு பிடிக்கும். இலங்கைப் பச்சைக் கட்சியில் அந்தப் பிரச்சினை இல்லை. அவர்கள் லேசர் படாமலே நிறம் மாறுவார்கள்.

எங்களூருக்குப் பெருநாளைக்கு மருதோண்டி போதும். ஆனாலும் சில வருடத்துக்கொருக்கால் நாங்களும் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்று, விரலை நீட்டி, அரசாங்க மையை வாங்கிக்கொள்கிறோம். உலகத்தில் மற்ற எங்கும் அரசன் போனான், மை நின்றது. இங்கே மை சில கிழமையில் போய்விடும். எம்.பி.தான் ஐந்து வருடம்.