பேரன் பெயர்

சிசிலிக்காரர்கள் இத்தாலியர்கள்தானே, அவர்கள் குடும்பப் பெயரில் துப்புத் துலக்க என்ன இருக்கிறது?

'மக்கலூசோ' என்று ஒருவர் கையெழுத்துப் போட்டால், மூலம் அரபு. விடுவிக்கப்பட்டவர் என்று பொருள். 'ஷோர்த்தீனோ'வும் காவலரைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்ததே. 1091-இல் நார்மானியர் அரபு ஆட்சியாளர்களிடமிருந்து தீவு முழுவதையும் பிடித்துவிட்டார்கள்; பெயர்களைப் பிடிக்க முடியவில்லை!

'ட்ரோவாட்டோ' என்ற பெயருக்கு என்ன அர்த்தம்?

கண்டெடுக்கப்பட்டவர். யாரோ விட்டுப்போன குழந்தைக்கு ஊர் கொடுத்த முகவரி அது. பெற்றவர் யாரென்று தெரியாத ஒருவரிலிருந்து ஒரு வம்சம் தொடங்கியிருக்கிறது.

தாத்தா பெயர் தெரிந்தால் போதுமா, வம்சத்தைத் தேடிவிடலாமா?

எந்தத் தாத்தா? அங்கே முதல் மகனுக்கு அப்பாவைப் பெற்றவர் பெயரை வைப்பது மரபு. 'பெயரன்' என்பதைத்தான் நாம் 'பேரன்' என்று சொல்கிறோம், அவர்கள் செய்தே காட்டினார்கள். நான்கு அண்ணன் தம்பிகளின் மூத்த பிள்ளைகள் நால்வருமே ஜுசெப்பே என்றால் என்ன செய்வீர்கள்?

பாட்டியைத் தேடுங்கள். 1820-இல் தொடங்கும் அரசுப் பதிவேடுகளில், மணமான பெண்ணும் பிறந்த வீட்டுப் பெயரோடுதான் இருக்கிறாள்.