சொட்டு மருந்து விடுவது எப்படி?

கண் நீர் அழுத்த நோய்க்கு மருந்தை ‘விடுங்கள்’ என்கிறார் டாக்டர். தமிழில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது நம் அதிர்ஷ்டம். முதல் பொருளுக்கு வழிகாட்ட ஆஸ்பத்திரி இருக்கிறது. இரண்டாவதற்கு நாங்கள் இருக்கிறோம். உங்கள் அப்பாவுக்காகக் கீழ்க்கண்டவற்றை வரிசையாகக் கடைப்பிடிக்கவும்.

1. வலிக்கட்டும் என்று காத்திருங்கள். பெரும்பாலோருக்கு இந்த நோய் வலிக்காது. ஓரப்பார்வையை முதலில் தின்றுவிட்டு, நடுப்பார்வையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளும். ஆகவே “பேப்பரை ஒரு வரி விடாம படிக்கிறாரே, கண்ணுக்கு என்ன கேடு?” என்று பல வருஷம் தைரியமாகக் கேட்கலாம். நிலைப்படியில் தோளை இடித்துக்கொண்டால், “பார்த்து வரக் கூடாதாப்பா?” என்று கடிந்துகொள்ளவும்.

2. கண் பிரஷர் இறங்கியதும் நிறுத்துங்கள். போன தடவை 28, இப்போது 16. எந்த மருந்தால் இறங்கியதோ அதற்கு உடனே விடை கொடுங்கள். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் மருந்து என்று டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தால், வேறு எதையாவது நினைக்கவும்.

3. புட்டியைப் பத்திரப்படுத்துங்கள். ராத்திரி ஒரே ஒரு சொட்டு விடும் லட்டனோப்ராஸ்ட்டாக இருந்தால், ஃபிரிட்ஜில் மாவுத் தூக்குக்குப் பின்னால் தள்ளிவிடுங்கள். திறந்த தேதியை எழுதவே எழுதாதீர்கள். திறந்து நாலைந்து வாரத்தில் மாற்றச் சொல்வார்கள். நீங்களோ பொங்கலுக்குத் திறந்ததைச் சித்திரை வரை ஓட்டிச் சிக்கனம் காட்டுங்கள்.

4. கன்னத்துக்கும் பங்கு கொடுங்கள். கண்ணுக்கு ஒரு சொட்டு போதும். நாலு விட்டால் மூன்று வழிந்தோடி, மாதம் முடியுமுன் புட்டி காலியாகும். இரண்டு மருந்து என்றால் நடுவே ஐந்து நிமிடம் விடாமல், அடுத்தடுத்து விடுங்கள். பின்னது முன்னதைக் கழுவிவிடும். கண்ணை மூடி மூக்கோர முனையை ஓரிரு நிமிடம் அழுத்தினால் மருந்து கண்ணிலேயே தங்கிவிடும். அந்த வம்பு வேண்டாம். அப்பாவுக்குக் கை நடுங்கினால், “நான் விடட்டுமா?” என்று மட்டும் வாய் தவறிக்கூடக் கேட்காதீர்கள்.

5. தொந்தரவு எதையும் டாக்டரிடம் சொல்லாதீர்கள். கண் சிவந்தால் சத்தமில்லாமல் நிறுத்துங்கள். சொன்னால் வேறு மருந்துக்கு மாற்றித் தொலைப்பார். இழுப்பு இருப்பதையும் மறைக்கவும். டிமோலால் சொட்டு மூச்சுக்குழாயை இறுக்கும், நாடித்துடிப்பைத் தணிக்கும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் கண் டாக்டர் கண்ணைப் பார்த்தால் போதாதா?

6. பரீட்சைக்கு முன் மட்டும் படியுங்கள். இதுவே எங்கள் தலைசிறந்த உத்தி. செக்கப்புக்கு நாலு நாள் முன்னால் வேளை தவறாமல் விடுங்கள். அன்றைக்குப் பிரஷர் சமர்த்தாக இருக்கும். “ஒரு வேளைகூடத் தவறுறதில்லை டாக்டர்” என்று அப்பா சொல்வார், நீங்களும் தலையாட்டுங்கள். பிரஷர் சரி, பார்வைப் பரப்பு மட்டும் சுருங்குகிறதே என்று டாக்டர் குழம்பி, இன்னொரு மருந்து சேர்ப்பார், ஆபரேஷனைப் பற்றி யோசிப்பார். அவர் குழம்பினால் நமக்கென்ன? மறந்துபோகுது என்ற ஒரு வார்த்தையைச் சொல்வதுதானே கௌரவக் குறைவு!

எச்சரிக்கை: சில வீடுகளில் இந்த முறைகள் பலிப்பதில்லை. அங்கே புட்டி ஃபிரிட்ஜ் கதவில், பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். அதன் மேல் திறந்த தேதி எழுதியிருக்கும். ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் பேத்தி வந்து, “தாத்தா, தலையைச் சாய்ங்க” என்பாள். விட்டதும் தினசரிக் காலண்டரின் தாளைக் கிழிப்பாள். தாள் கிழியாமல் இருந்தால் மருந்து விடவில்லை என்று வீட்டுக்கே தெரியும். அந்தத் தாத்தா, பக்கவாட்டில் வரும் சைக்கிளைப் பார்த்துத் தானே ஒதுங்கிக்கொண்டு இன்னமும் கடைக்குப் போய்வருகிறார்.

அவர்களைத் திருத்த முடியாது. ‘விடுவது’ என்றால் அவர்களுக்கு ஒரே பொருள்தான் தெரியும்.