சித்திரகுப்தனுக்கு அங்கே வேலை கிடைக்காது

காஞ்சிபுரம் நெல்லுக்காரத் தெருவில் சித்திரகுப்தனுக்குக் கோயில் இருக்கிறது. யார் எப்போது என்ன செய்தார், எதனால் செய்தார் என்று விடாமல் எழுதிவைப்பது அவருக்குத் தொழில். இந்த அனுபவத்தை நம்பி அவர் ராணுவ மருத்துவ வாரியத்துக்கு விண்ணப்பித்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். காரணம் எழுதும் கெட்ட பழக்கம் உள்ளவர்கள் அங்கே தேவையில்லை.

வாரியத்தின் கணக்கு வேறு மாதிரி. பதினெட்டு வயதுப் பையன் ஆள்சேர்ப்புக்கு வருகிறான். மார்பை அளக்கிறார்கள், பல்லை எண்ணுகிறார்கள், விடியற்காலையில் மைதானத்தைச் சுற்றி ஓடவிடுகிறார்கள், 'தகுதியானவர்' என்று முத்திரை குத்துகிறார்கள். பத்து வருடம் கழித்து, பனியிலோ காட்டிலோ தூங்காமல் காவல் இருந்து இருந்து, அவன் மனம் ஒருநாள் உடைகிறது. ஆள் இல்லாத இடத்தில் குரல் கேட்கிறது. வாரியம் கூடுகிறது. இது இவனுடைய உடற்கூற்றிலேயே இருந்த கோளாறு, பணியால் வந்ததும் இல்லை, பணியால் முற்றியதும் இல்லை என்று ஒரே வரியில் முடித்து வீட்டுக்கு அனுப்புகிறது. பல்லை எண்ணியபோது கண்ணில் படாத பிறவிக் கோளாறு, பென்ஷன் பேச்சு வந்ததும் பளிச்சென்று தெரிந்துவிடுகிறது பாருங்கள், அங்கேதான் மருத்துவ விஞ்ஞானம் நிற்கிறது.

2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தரம்வீர் சிங் என்ற வீரரின் வழக்கில் இதற்கு விடை சொல்லிவிட்டது. சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு இல்லையென்றால் அது பணியில் வந்தது என்றுதான் கொள்ள வேண்டும், இல்லையென்று நிரூபிக்கும் பொறுப்பு அரசுக்குத்தான், சந்தேகத்தின் பலன் வீரருக்கு. தெளிவான தமிழில் சொன்னால், நீங்கள் சரிபார்த்து வாங்கிய ஆளுக்கு நீங்களே பொறுப்பு. பாதுகாப்புத் துறை கேட்டுக்கொண்டது. பன்னிரண்டு வருடம் கழித்து, 2025 மே மாதம், மனச்சிதைவு என்று சொல்லி அனுப்பப்பட்ட இன்னொரு வீரரின் வழக்கில் அதே நீதிமன்றம், வாரியம் காரணம் எழுதியே ஆக வேண்டும் என்று மறுபடியும் பாடம் எடுக்க வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஜூலையில் வீரர்களின் ஊன ஓய்வூதியத்தை எதிர்த்து மத்திய அரசு போட்ட சுமார் 300 மனுக்களை டெல்லி உயர் நீதிமன்றம் மொத்தமாகத் தள்ளுபடி செய்தது. ராணுவத் தீர்ப்பாயத்தில் ஜெயித்த சிப்பாயை அரசாங்க வக்கீல் உயர் நீதிமன்றம் வரை துரத்துகிறார். எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவனைக்கூட இவ்வளவு விடாப்பிடியாகத் துரத்தியதில்லை.

வாரியத்தின் இந்த ஒரு வரித் தீர்ப்பின் அருமை போகப் போகத்தான் புரியும். பணியால் யாருக்கும் மனம் உடையவில்லை என்று ஆகிவிட்டால், உடைந்த மனத்தைப் பார்க்க ஆளும் வேண்டியதில்லை. முன்னாள் படைவீரர்களுக்கான இசிஹெச்எஸ் மருத்துவத் திட்டம் 2003இல் தொடங்கியது. அதன் பாலிகிளினிக்குகளுக்கு ஆள் எடுக்கும் விளம்பரத்தை அவ்வப்போது செய்தித்தாளில் பார்க்கலாம். மருத்துவர், பல் மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், மருந்தாளுநர், எழுத்தர், ஓட்டுநர், காவலாளி, துப்புரவாளர். பல்லுக்கு ஆள் உண்டு, முழங்காலுக்கு ஆள் உண்டு, கேட்டுக்குக்கூட ஆள் உண்டு. உளவியலாளருக்கு மட்டும் நாற்காலி இல்லை.

அநியாயமாகப் பேசக்கூடாது. தொலைபேசி இருக்கிறது. 2022 அக்டோபரில் 14416 என்ற டெலி மானஸ் எண் வந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் படையினருக்கென்று தனிப் பிரிவும் திறந்தார்கள். நல்ல காரியம். முப்பது வருடம் பெண்டாட்டியிடம்கூட வாய் திறக்காத சுபேதார், முகம் தெரியாத ஒருவரிடம் போனில் மனதைக் கொட்டுவார் என்ற நம்பிக்கையும் நல்ல நம்பிக்கைதான்.

ஆனால் மாதம் தவறாமல், வரிசை தவறாமல் நடக்கும் மனநலத் திட்டம் வேறொன்று. கேன்டீன் கோட்டா. அதிகாரிக்கு இத்தனை பாட்டில், ஜவானுக்கு இத்தனை பாட்டில் என்று பதவிப்படி அளவு. தூக்கம் வரவில்லையா, ரம். வெடிச்சத்தம் கேட்டால் உடம்பு தூக்கிப்போடுகிறதா, ரம். தூக்கம் ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் போடாத அரசாங்கம், தூங்கவைக்கும் சரக்கை மலிவு விலையில் தருகிறது. குடித்து ஈரல் கெட்டால் பார்க்க டாக்டர் இருக்கிறார், அது உடம்பு. ஊரும் இதில் சும்மா இல்லை. 'மிலிட்டரி சரக்கு வந்திருக்கா அண்ணே' என்று கேட்பதற்காகவே முன்னாள் வீரர் வீட்டுத் திண்ணைக்குப் போகிறவர்கள் உண்டு. 'தூக்கம் வருதா அண்ணே' என்று கேட்கப் போகிறவர் யார்?

அடுத்தது மறுவாழ்வு. காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் பட்டுப் புடவைக் கடைகளின் வாசலைப் பாருங்கள். கார் வந்து நின்றதும் மிடுக்காக ஓர் உருவம் ஓடிவந்து கதவைத் திறந்து சல்யூட் அடிக்கும். அந்த சல்யூட்டில் முழங்கை நிற்கும் கோணத்தைப் பார்த்தாலே தெரியும், அது வாடகை யூனிஃபார்மில் கற்றுக்கொண்டதல்ல. கல்யாணப் புடவை எடுக்க வந்த குடும்பம் அவரைத் தாண்டி ஏசிக்குள் போய்விடுகிறது. இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளின் கேட்டில் இன்னும் பலர், அதுவும் இரவுப் பணியில். தூக்கம் கெட்டதால் நோயாளியானவருக்கு விழித்திருப்பதையே வேலையாகக் கொடுத்திருக்கிறோம்.

உளவியலில் மீட்சி சார்ந்த சிகிச்சை என்று ஒரு நெறி இருக்கிறது. நோய் முற்றாகப் போய்விட்டதா என்பது அதில் முதல் கேள்வி இல்லை. நோய் ஒரு மூலையில் இருக்கட்டும், நீங்கள் எப்படி வாழ ஆசைப்படுகிறீர்கள் என்பதுதான் கேள்வி, முடிவும் அவருடையது. அமெரிக்காவின் முன்னாள் படைவீரர் மருத்துவத் துறை 2004இல் இதைத் தன் மனநலத் திட்டமாகவே எழுதிக்கொண்டது. மருத்துவமனைகளில் மீட்சிப் பணிக்கென ஒருங்கிணைப்பாளர்களைப் போட்டது. தானே நோயிலிருந்து எழுந்துவந்த பழைய வீரர்களைச் சம்பளம் கொடுத்துத் துணைக்கு வைத்தது. அங்கே எல்லாம் தேன் என்று சொல்லவில்லை. 2014இல் பீனிக்ஸ் நகர மருத்துவமனை காத்திருப்போர் பட்டியலையே மறைத்து மாட்டிக்கொண்டது. ஆனாலும் ஒரு வித்தியாசம். மறைப்பதற்கு அவர்களிடம் ஒரு பட்டியலாவது இருந்தது.

இங்கே ஓர் உளவியலாளர் இந்த நெறிப்படி வேலை செய்ய முனைந்தால் என்ன ஆகும்? பிள்ளையார்பாளையத்து நெசவுக் குடும்பத்திலிருந்து போய்த் திரும்பிய ஒரு நாயக் என்று வைத்துக்கொள்வோம். என்ன ஆசை என்று கேட்டால், தறியில் உட்கார வேண்டும் என்பார். கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். நெசவாளர் ஒரு பக்கம். கரைக்கான நாடாவை வாங்கித் திருப்பிப்போட அடுத்த பக்கம் இன்னொருவர். அந்த அடுத்த பக்கத்தில், நெய்யும் அண்ணனுக்குத் துணையாக அவரை உட்காரவைக்கலாம். பேச வேண்டாம், யாரையும் பார்க்க வேண்டாம், ஆனால் அவர் கை நின்றால் புடவை நிற்கும். முதல் வாரம் அரை மணி நேரம். பிறகு ஒரு மணி. நடுவில் ஒருநாள் எழுந்து போய்விடுவார். மறுநாள் வந்தால் ஏன் போனாய் என்று யாரும் கேட்கக்கூடாது என்று அண்ணனுக்குச் சொல்லித்தர வேண்டும். வீட்டம்மாவிடம் தனியாகப் பேச வேண்டும். மாத்திரையின் மந்தத்தில் நாடா தவறினால் டாக்டரிடம் சொல்லி அளவை மாற்ற வேண்டும். இதுதான் சிகிச்சை.

இதை எந்தப் படிவத்தில் எழுதுவது? படிவம் கேட்பது ஊனம் எத்தனை சதவீதம் என்று மட்டும். 20 சதவீதத்துக்குக் கீழே போனால் ஓய்வூதியக் கோரிக்கை செத்தது. ஆகவே காலையில் அவரைத் தேற்றி எழவைக்கும் உளவியலாளர், மாலையில் அவர் எழவே மாட்டார் என்று சான்று எழுத வேண்டும். தேறியதாக எழுதினால் பணம் போய்விடும், எழுதாவிட்டால் மனிதர் போய்விடுவார். அரசு மருத்துவமனையின் ஓபி சீட்டிலோ பெயர், வயது உண்டு, பட்டாளத்தில் இருந்தீர்களா என்ற கேள்விக்குக் கட்டமே இல்லை.

இன்னொரு கூட்டத்தைப் பற்றிப் பேச இந்த ஊருக்கே வாய் வராது. 1987 ஜூலை இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைக்கு அமைதிப் படை போனது. அமைதியைக் காக்கப் போனவர்கள் அந்த அக்டோபரிலேயே போரில் இறங்கினார்கள். யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் புகுந்து நோயாளிகளையும் மருத்துவர்களையும் தாதியரையும் சுட்டுக் கொன்ற பழியும் அந்தப் படையுடையது. அவர்கள் தரப்பில் செத்தவர்கள் சுமார் 1,200 பேர். 1990 மார்ச்சில் கடைசிக் கப்பல் சென்னைக்கு வந்தபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அடுத்த வருடம் மே 21 அன்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட ராஜீவ் காந்தி, இதே மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டார். அந்தப் படையில் இருந்து வந்த தமிழ் ஜவான் எங்கே போய் என்ன சொல்வார்? செத்துப்போன கூட்டாளியை நினைத்து அழுதால் இனத் துரோகி. தான் பார்த்த தமிழ்ப் பிணங்களை நினைத்து அழுதால் தேசத் துரோகி. மேடையில் ஈழத்துக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர்களும், மேடையில் தேசத்துக்காகத் தொண்டை கிழியக் கத்தியவர்களும் அவருக்குச் செய்த ஒரே உதவி, இருவரும் சேர்ந்து அவர் வாயை அடைத்தது. இப்போது அவருக்கு அறுபது தாண்டியிருக்கும். வருடா வருடம் டிசம்பர் 7 அன்று பேரப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் கொடிநாள் வசூலுக்காகக் கொடுத்த காகிதக் கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டு வருவான். தாத்தா அந்தக் காசு யாருக்கு என்று கேட்பார். உங்களுக்குத்தான் என்று பாட்டி சொல்லுவாள்.

இத்தனை தலைவலியையும் ஒரே அடியில் தீர்க்க அரசு வழி கண்டுபிடித்துவிட்டது. 2022 ஜூனில் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் பையன் நான்கு வருடம் பட்டாளத்தில் இருப்பான். அதற்குப் பிறகு நான்கில் ஒருவருக்குத்தான் தொடர்ச்சி. மற்ற மூவர் சுமார் 11.71 லட்சத்தை வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். ஓய்வூதியம் கிடையாது, இசிஹெச்எஸ் கிடையாது, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் கிடையாது. மருத்துவ வாரியத்துக்கு இனி அந்த ஒரு வரி எழுதும் சிரமம்கூட வேண்டாம். முன்னாள் படைவீரரின் மனநலம் பற்றி யாராவது கேட்டால், அப்படி ஒருவர் இல்லையே என்று கையை விரிக்கலாம். கோட்டா ரம்கூட மிச்சம்.

முதல் அணி வெளியே வரும் நாள் நெருங்கிக்கொண்டிருக்கிறது. காந்தி ரோட்டுக் கடைக்காரர்கள் இப்போதே தையற்காரரிடம் சொல்லிவைப்பது நல்லது. இருபத்திரண்டு வயது செக்யூரிட்டிக்கு இருக்கிற யூனிஃபார்ம் தொளதொளவென்று இருக்கும்.