ஊதியவரும் உருவாக்கியவரும்

அமெரிக்காவில் நவம்பர் மாத நன்றி நவிலல் நாள் தொடங்கிக் கிறிஸ்துமஸ் வரை நீளும் பரிசுப் பருவத்தில், கடையில் வாங்கிய பொருளைக் கொடுப்பது அன்பில் ஒரு மாற்றுக் குறைவு என்று எண்ணுபவரும், தம் கையால் ஒரு பொத்தான்கூடத் தைத்தறியாதவரும் பெரும்பாலும் ஒருவராகவே இருப்பதைக் காணலாம். இந்த இக்கட்டிலிருந்து அவரை விடுவிப்பதற்கென்றே கண்ணாடிக் கலைக்கூடங்கள் விடுமுறைக் காலப் பயிலரங்குகளை நடத்துகின்றன. முன்னனுபவம் தேவையில்லை என்பது இவற்றின் முதல் வாக்குறுதி. அரை மணி நேரத்தில் மரத்தில் தொங்கவிடத்தக்க ஒரு வண்ண உருண்டையோ மேசையில் வைக்கத்தக்க ஒரு பனிமனிதனோ உருவாகிவிடும் என்பது இரண்டாவது. இரண்டும் நிறைவேறுகின்றன. ஆயினும் முன்னனுபவம் இல்லாதவரும் அந்த அரை மணி நேரமும் சேர்ந்தால் மட்டும் உருண்டை கிடைத்துவிடுவதில்லை. இடையில், உலையருகே பல ஆண்டுகள் வெந்த வேறொருவர் நிற்கிறார். அவரை எவ்வளவு நயமாகப் பார்வையிலிருந்து ஒதுக்கிவைப்பது என்பதிலேயே பயிலரங்கின் முழுக் கலையும் அடங்கியிருக்கிறது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

கண்ணாடியின் இயல்பைச் சிறிது அறிந்தால்தான் இந்த ஏற்பாட்டின் நியாயம் விளங்கும். மணலிலுள்ள சிலிக்காவோடு சோடாவும் சுண்ணாம்பும் சேர்த்து உருக்கிய குழம்பு, ஊதும் பட்டறையின் உலையில் ஏறத்தாழ 1,100 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இரவும் பகலும் காத்திருக்கும். உலையை அணைத்து மீண்டும் ஏற்றுவது காலத்துக்கும் காசுக்கும் உலைக்குமே கேடு ஆதலால், ஊத ஆள் வந்தாலும் வராவிட்டாலும் அது எரிந்துகொண்டேயிருக்கும். (கலைப்பற்று வளர்வதில் எரிவாயுக் கட்டணத்துக்கும் ஒரு பங்கு உண்டு.) நீண்ட எஃகு ஊதுகுழலின் நுனியை அக்குழம்பில் தோய்த்துச் சுருட்டி எடுக்கும்போது ஒட்டிவரும் திரள் கீழே வழிந்துவிடாமலிருக்க, குழலைக் கணமும் நிறுத்தாமல் உருட்டிக்கொண்டேயிருக்க வேண்டும். நின்றால் திரள் ஒரு பக்கமாகத் தொங்கும், தாமதித்தால் இறுகும், இறுகியதை மறுசூடு உலையில் காட்டி இளக்கினால் மறுபடி தொங்கப் பார்க்கும். இந்த உருட்டலே இக்கலையின் அரிச்சுவடி என்பதும், அது கைக்குப் படிய மாதக்கணக்காகும் என்பதும் பட்டறையில் எல்லாரும் அறிந்தவை. ஆகவே பல பட்டறைகளில் ஊதுகுழலின் வாயில் மெல்லிய ரப்பர்க் குழாய் ஒன்றைப் பொருத்தி, அதன் மறுமுனையை வருகையாளரின் வாயில் கொடுத்து, அவரைச் சற்றுத் தள்ளி ஒரு முக்காலியில் உட்கார்த்திவிடுகின்றனர். காஃபர் எனப்படும் தலைமை ஊதுகலைஞர் தம் பலகையில் அமர்ந்து குழலை உருட்ட, “ஊதுங்கள்” என்றால் இவர் ஊத வேண்டும்; “போதும்” என்றால் நிறுத்த வேண்டும். இரண்டில் நிறுத்துவதே கடினமானது. தம் மூச்சுக்கு ஒரு பொருள் பணிந்து விரிவதை வாழ்நாளில் முதன்முறையாகக் கண்டவர் அதை எளிதில் விட்டுவிடுவதில்லை. கல்யாண வீட்டில் பந்தக்கால் நடும்போது பெரியப்பா முதல் ஒன்றுவிட்ட மாமன் வரை எல்லாரும் காலைத் தொட்டுக்கொண்டு நிற்க, குழி தோண்டியவரும் மண்ணை இறுக்கியவரும் பந்தல்காரராகவே இருப்பாரன்றோ, அதே வகையான வேலைப்பங்கீடு இது. பந்தலை நட்டது தாமே என்று பெரியப்பா வெளியூரில் சொல்லிக்கொள்வதில்லை என்பது மட்டுமே வேறுபாடு.

தலைமைக் கலைஞரின் உள்ளங்கையில் இருக்கும் கருவி பார்வையாளரைச் சற்று ஏமாற்றமடையச் செய்வது. நாளிதழ்த் தாளைப் பல மடிப்பாக மடித்து, நீரில் ஊறவைத்துத் தட்டிய ஒரு கனத்த திண்டுதான் அது. கனன்றுகொண்டிருக்கும் திரளை அதில் தாங்கி உருட்டும்போது தாளின் மேற்புறம் கருகிப் புகைகிறது; ஈரத்திலிருந்து எழும் நீராவி மெல்லிய படலமாக இடையில் நின்று, கண்ணாடியைத் தாளில் ஒட்டவிடாமல் வழவழப்பாக்குகிறது. அச்சு நாளிதழ்கள் அருகிவரும் இக்காலத்தில் அவை நின்றுவிடக் கூடாதே என்று உள்ளபடியே கவலைப்படுவோருள் கண்ணாடிக் கலைஞரும் ஒருவர். அவர் தலையங்கம் படிக்கிறாரா என்பது வேறு.

வருகையாளருக்கு முழு உரிமையோடு விடப்படும் ஒரே தீர்மானம் நிறம். நொறுக்கிய வண்ணக் கண்ணாடித் துணுக்குகளுக்கு ஃபிரிட் என்று பெயர்; அவற்றைத் தட்டுகளில் பரப்பி வைத்திருப்பர், சூடான திரளை அதில் புரட்டி எடுத்தால் துணுக்குகள் ஒட்டி உருகிப் படியும். கிடைத்த ஒரே அதிகாரம் இது என்பதை உணர்ந்த வருகையாளர், அரை மணி நேரத்தில் பத்து நிமிடத்தை இத்தட்டுகளின் முன்னேயே செலவிட்டு, பரிசைப் பெறப்போகும் அத்தையின் வரவேற்பறைத் திரைச்சீலையையும் கருத்திற்கொண்டு, பச்சையும் வெள்ளையும் என்று ஒருவாறு முடிவுக்கு வருவார். உலையிலிருந்து வெளிவரும் எந்நிறக் கண்ணாடியும் அந்த வெப்பத்தில் செம்மஞ்சளாகவே ஒளிரும் என்பதால், சிறிது நேரத்தில் அவர் கண்ணெதிரே சுழல்வது பச்சையும் அன்று, வெள்ளையும் அன்று. தட்டு மாறிவிட்டதோ என்று அவர் மெல்லிய குரலில் விசாரிப்பதும், ஆறினால் சரியாகிவிடும் என்று கலைஞர் தலை நிமிராமலே விடையளிப்பதும் ஏறக்குறைய ஒரு சடங்காகவே நிலைபெற்றுவிட்டன. இறுதியில் உருண்டையின் கழுத்தைக் குறடால் நெருக்கி, குழலில் ஒரு தட்டுத் தட்டிப் பிரித்து, மேலே ஒரு சொட்டுச் சூடான கண்ணாடியை விட்டு இழுத்து வளைத்துக் கொக்கியாக்குவது எல்லாவற்றிலும் நுட்பமான செயல். அது நடக்கும் சில நொடிகளில் வருகையாளர், தாம் ஊதுவதாக எடுக்கப்பட்ட புகைப்படம் நன்றாக வந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். அப்புகைப்படத்தில் ரப்பர்க் குழாய் உண்டு, உருண்டை உண்டு, கலைஞரின் முழங்கை மட்டும் ஓரத்தில் தெரியும்.

பொருளை உடனே கையில் பெற முடியாது. சூடான கண்ணாடியின் வெளிப்புறம் முதலில் குளிர்ந்து சுருங்க, உட்புறம் இன்னும் சூட்டோடு விரிந்தே நின்றால், இரண்டுக்கும் இடையே எழும் இழுவிசை அதை உடைத்துவிடும். இதைத் தவிர்க்க 480 பாகையளவில் வெப்பப்படுத்திய அடுப்பில் இட்டு, இரவு முழுவதும் படிப்படியாக வெப்பத்தைக் குறைத்து ஆற்றுகின்றனர். மறுநாள் தட்டில் அடுக்கி வைத்த உருண்டைகளுள் தம்முடையது எது என்று பெயர்ச்சீட்டைப் பார்க்காமலே அறிவதாகச் சொல்வோர், எப்போதும் அடுத்தவருடையதையே சுட்டிக்காட்டுகின்றனர்.

இவ்வுருண்டையின் முன்வரலாறு இதனினும் வேடிக்கையானது. ஜெர்மனியின் துரிங்கியா மலைப்பகுதியிலுள்ள லாவ்ஷா என்னும் ஊரில் 1597-இல் கண்ணாடி உலை ஏற்பட்டது. மரத்தில் தொங்கவிட ஆப்பிளும் கொட்டைகளும் வாங்க வசதியற்ற ஓர் ஊதுகலைஞர் அவற்றைக் கண்ணாடியிலேயே ஊதிக்கொண்டார் என்று வழங்கும் கதை எவ்வாறாயினும், 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அவ்வூரில் மர அலங்கார உருண்டைகள் குடிசைத் தொழிலாகிவிட்டன. வீட்டில் ஒருவர் விளக்குச் சுடரில் ஊத, மற்றொருவர் வெள்ளி உப்புக் கரைசலை உள்ளே ஊற்றிக் குலுக்கி மின்ன வைக்க, குழந்தைகள் வண்ணம் தீட்டிக் கட்டுவர். 1880-களில் எஃப். டபிள்யூ. வுல்வொர்த் தம் மலிவு விலைக் கடைகள் வழியே அவற்றை அமெரிக்காவுக்குப் பழக்கினார். இரண்டாம் உலகப் போர் மேகம் சூழ்ந்து ஜெர்மன் சரக்கு வராதோ என்ற அச்சம் எழுந்ததும், மாக்ஸ் எக்கார்ட் என்ற இறக்குமதியாளர் நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் கண்ணாடி நிறுவனத்தை அணுகினார். மின்விளக்குக் குமிழ் செய்வதற்கென்று அந்நிறுவனம் 1926-இல் உருவாக்கியிருந்த ரிப்பன் இயந்திரம், உருகிய கண்ணாடியை நாடாவாக ஓடவிட்டுக் காற்றை அதில் தானே ஊதுவது. தேர்ந்த ஜெர்மன் கலைஞர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 உருண்டைகள் செய்ய, 1940-இல் அவ்வியந்திரம் 3 லட்சம் செய்தது. மனித மூச்சின் விலை அத்தோடு விழுந்தது. இன்று அதே கார்னிங் நகரில், 1951-இல் அந்நிறுவனமே தொடங்கிய கண்ணாடி அருங்காட்சியகத்தில், மக்கள் பணம் கட்டி, முன்பதிவு செய்து, தம் மூச்சால் ஒன்றே ஒன்றை ஊதிச் செல்கின்றனர். நாளுக்கு 600 ஊதியவருக்குக் கூலி கொடுத்த காலம் போய், ஒன்றை ஊதுபவரிடம் கூலி வாங்கும் காலம் வந்ததைப் பொருளியலார் இன்னும் உரிய முறையில் ஆராயவில்லை.

தொழிற்சாலைக்கு வெளியே தனியொருவர் கண்ணாடி ஊதலாம் என்ற எண்ணமே அமெரிக்காவில் 1962-இல்தான் உருப்பெற்றது. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மட்பாண்டக் கலை கற்பித்த ஹார்வி லிட்டில்டன், ஓஹையோ மாநிலத்தின் டோலிடோ கலை அருங்காட்சியக வளாகத்தில் ஒரு கொட்டகையில் சிற்றுலை அமைத்து அவ்வாண்டு பயிலரங்கு நடத்தினார். அவர் கலந்த கண்ணாடிக் குழம்பு சரியாக வேலைக்காகவில்லை. டாமினிக் லபினோ என்ற கண்ணாடித் தொழில்நுட்பர், கண்ணாடி இழை செய்யப் பயன்படும் கோலிக்குண்டுகளைக் கொடுத்து உருக்கச் சொன்ன பிறகே வேலை நகர்ந்தது. அவற்றை எப்படி ஊதுவது என்று காட்டியவர் ஹார்வி லீஃப்கிரீன் என்னும் ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி. ஸ்டூடியோ கண்ணாடி இயக்கம் என்று கலை வரலாற்றில் இடம்பெற்ற பேரியக்கத்தின் முதற்பயிலரங்கிலும், கலைஞருக்குப் பின்னால் வேலை தெரிந்த ஒருவர் நிற்கவேண்டியிருந்தது.

உலைக்கு அஞ்சுவோருக்கென்று மற்றொரு வகைப் பயிலரங்கு உண்டு. தட்டையான வண்ணத் தகடுகளை வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மின்சூளையில் 800 பாகையளவுக்கு ஏற்றினால் அவை உருகி ஒன்றாகும், இது உருக்கியிணைத்தல். இங்கே வருகையாளரின் கை உள்ளபடியே வேலை செய்கிறது, விளைவும் உள்ளபடியே அவருடையதாகிறது. சூளையைத் திறந்ததும் அவர் வருந்துவது இதனால்தான். வெட்டுவது என்று சொன்னாலும், சிறு சக்கரம் பதித்த கோலால் மேலே ஒரு கீறலிட்டு அதன் வழியே முறிப்பதே நடைமுறை. உட்குழிந்த மூலைகள் இம்முறிவுக்குப் பணிவதில்லை. ஆகவே இப்பருவத்தின் தலையாய சின்னமாகிய நட்சத்திரத்தை ஒரே தகட்டிலிருந்து கைக்கோலால் வெட்டியெடுப்பது ஏறத்தாழ இயலாதது. தேவதையின் இறக்கையாகத் தொடங்கியது எதிர்பாராத திசையில் முறிய, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் இது மீன் என்று தீர்மானிப்பதே வழக்கம். இத்தகைய கிறிஸ்துமஸ் பரிசுகளில் மீன்கள் மிகுந்திருப்பதற்குச் சமயக் காரணம் தேட வேண்டியதில்லை. இதனினும் கொடியது வெப்ப விரிவுக் கெழு, அதாவது ஒரு பாகை வெப்பம் கூடினால் ஒரு பொருள் தன் நீளத்தில் எத்தனை பங்கு நீளும் என்ற கணக்கு. 90 என்று குறித்த கண்ணாடி ஒரு கோடியில் 90 பங்கு நீளும். 96 என்று குறித்தது 96 பங்கு. கோடியில் ஆறு பங்குக்குப் பங்காளிகள்கூட வழக்காட மாட்டார்கள், கண்ணாடி வழக்காடும். வீட்டிலிருந்த அழகான பழைய புட்டியின் சில்லைப் பயிலரங்கின் தகட்டோடு சேர்த்து உருக்கியவரின் படைப்பு, சூளையிலேயே விரிசல் கண்டால் நல்லது. சில வேளைகளில் அது பல நாள் பொறுத்திருந்து, பெற்றவரின் அலமாரியில் ஒருவரும் தொடாதபோது தெறிக்கிறது. பழி எப்போதும் அவ்வீட்டுப் பூனையைச் சேரும்.

செய்தவருக்கு இவை எவையும் குறையாகத் தெரிவதில்லை என்பதற்கு ஆய்வுச் சான்று உண்டு. மைக்கேல் நார்ட்டன், டேனியல் மோகான், டான் ஆரியலி ஆகிய மூவர் 2012-இல் வெளியிட்ட ஆய்வில், தாள் மடித்து உருவம் செய்தவர்கள் தம் கோணல் உருவங்களுக்கு வல்லுநர் செய்தவற்றுக்கு ஒப்பான மதிப்பை அளித்தனர். மற்றவர் கண்ணுக்கோ அவை கசங்கிய தாள்களாகவே தோன்றின. ஐக்கியா கடையில் பகுதிகளாக வாங்கித் தாமே பூட்டிய மேசைமேல் எழும் பாசத்தைக் கருதி, இதற்கு ஐக்கியா விளைவு என்று பெயரிட்டனர். பரிசு என்பது அந்த மற்றவரிடம் போய்ச் சேரும் பொருள் என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு மானிடவியலாளர் 1925-இல் வெளியிட்ட ஆய்வில், பரிசு மூன்று கடமைகளை உண்டாக்குகிறது என்றார்: கொடுத்தல், ஏற்றல், திருப்பித் தருதல். கையால் செய்த பரிசு நான்காவதாக ஒன்றைச் சேர்க்கிறது; அதுவே காட்சிக்கு வைத்தல். கடைப் பொருளோடு அமெரிக்கர் விலை குறிக்காத பரிசு ரசீது ஒன்றை இணைத்துக் கொடுப்பர், பிடிக்காவிட்டால் பெற்றவர் கடைக்குப் போய் மாற்றிக்கொள்ளலாம். மூச்சுக்கு ரசீது கிடையாது.

உடைந்துபோனாலாவது கடன் தீருமா என்றால் அதுவும் எளிதன்று. தெளிந்த கண்ணாடித் துண்டுகளை மறுபடி உலையிலிட்டு உருக்கலாம். வண்ணமேற்றிய துண்டு விழுந்தாலோ உலையிலுள்ள குழம்பே கறைபடும் என்பதால், ஃபிரிட்டில் புரட்டிய உருண்டையைக் கலைக்கூடம் உலையருகே விடுவதில்லை. மறுசுழற்சித் தொட்டிகளும் பெரும்பாலும் புட்டிகளையும் சாடிகளையுமே கேட்கின்றன. ஆகவே சில்லுகளை ஒரு பெட்டியிலிட்டுப் பரணில் ஏற்றிவிட்டு, அடுத்த கிறிஸ்துமஸுக்கு வரும் உறவினர் உருண்டை எங்கே என்று கேட்டால், குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொல்வதே பெற்றவருக்கு எஞ்சும் வழி. அது பொய்யும் அன்று.