பாப்பரசர் கட்டிய சொந்த ஊர்

கேள்வி: புளோரன்ஸில் படிக்கும் மகள் சனி, ஞாயிறு வந்தால் சியன்னா, பியன்சா என்று மறுமலர்ச்சிக் கால ஊர்களுக்குப் புறப்பட்டுவிடுகிறாள். படிக்கப் போன பிள்ளைக்கு இது தேவையா?
– ஒரு தாய், பாமன்கடை

பதில்: அதுவும் படிப்புத்தான், அம்மா. பியன்சாவையே எடுங்கள். கோர்சிஞானோ என்ற சிற்றூரில் பிறந்தவர் இரண்டாம் பயஸ் என்ற பாப்பரசரானதும், 1459இல் அந்த ஊரைப் புதிதாகக் கட்டத் தொடங்கினார். தன் பெயரையும் அதற்கு வைத்தார். நம் அரசியல்வாதிகள் இதில் இரண்டாவது வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்வார்கள். கட்டடக் கலைஞர் பெர்னார்டோ ரொசெல்லினோ மதிப்பீட்டைப் பல மடங்கு தாண்டிச் செலவழித்தார். பாப்பரசர் கோபிக்கவில்லை. உண்மைச் செலவை முதலே சொல்லியிருந்தால் நான் சம்மதித்திருக்க மாட்டேனே என்று பாராட்டினாராம்! (வெள்ளவத்தையில் வீடு கட்டுகிறவர்கள் இதை மேசனுக்குச் சொல்லிவிட வேண்டாம்.)

நீங்களும் சும்மா இருக்காதீர்கள். ஒரு சனிக்கிழமை பஸ் பிடித்துக் கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போங்கள். காலியில் 1911இல் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. சீனக் கடற்படைத் தளபதி செங் ஹேயின் கல் அது. பொறித்த ஆண்டு 1409. மொழிகள் சீனம், தமிழ், பாரசீகம். தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்குக் கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது. புளோரன்ஸ் பேராலயத்தின் புகழ்பெற்ற குவிமாடத்தைக் கட்டத் தொடங்கியதே 1420இல்தான். இந்த விபரத்தை மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். அடுத்த விடுமுறைக்கு எங்கே வருவதென்று அவளே யோசிப்பாள்.