யாரைக் கேட்டார்கள்?

முக்காடு போட்டவள் அடிமை, போடாதவள் சுதந்திரமானவள். சரிதானே?
– வாசகர், காங்கேயம்

1936இல் ஈரான் அரசு முக்காட்டைத் தடை செய்தது. போலீஸ் தெருவில் உருவியது. 1979 புரட்சிக்குப் பிறகு, போட்டே ஆக வேண்டும் என்று சட்டம். இரண்டு முறையும் பெண்ணிடம் யார் கேட்டார்கள்? கணவனை இழந்தவளுக்கு வெள்ளைச் சேலைதான் என்று நம் கொங்குக் கிராமங்களில் விதித்தபோது மட்டும் கேட்டோமா?

துவரங்குறிச்சியில் கவிஞர் சல்மாவை, பருவமெய்தியதும் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டுக்குள் வைத்தார்கள். ஒளிந்து ஒளிந்து எழுதினார். 2001இல் பொன்னம்பட்டி பேரூராட்சித் தலைவர். 2025இல் மாநிலங்களவை உறுப்பினர். துணியை விடுங்கள். உங்கள் தெருவில் எந்தப் பெண்ணின் படிப்பாவது பாதியில் நின்றிருந்தால், நிறுத்தியவரிடம் போய்ப் பேசுங்கள்.